ஷீட் மேஸ்திரியின் அறுபதாம் கல்யாணம்

என் கல்யாணத்தில் நான் என் வீட்டுக்காரரிடம் பேசிய முதல் வார்த்தை "வலிக்குது" என்பதுதான். அம்மி மேல் என் காலைத் தூக்கி வைத்து மெட்டி போட்டார். விரலில் மாட்டிய பிறகு இரண்டு முனையையும் சேர்த்து ஒரு அழுத்து அழுத்தினார் பாருங்கள், உயிர் போய் உயிர் வந்தது. கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கொக்கி போல்ட் முறுக்கிப் பழகிய கை அது. "வலிக்குது" என்றேன். "கழண்டுடக் கூடாதுல்ல" என்றார். அவர் என்னிடம் முதலில் பேசியது அது.

அன்று மத்தியானமே வேலைக்குப் போய்விட்டார். குத்தாலம் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு ஷீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிக் கூரை திறந்து கிடக்கிறது, வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, மூட்டை மூட்டையாக நெல் நனைந்துவிடும் என்று ஆலைக்காரர் ஆள் அனுப்பினார். பந்தியில் பாயசம் வருவதற்குள் மாப்பிள்ளை பட்டுவேட்டியை அவிழ்த்துப்போட்டு லுங்கிக்கு மாறி சைக்கிளில் ஏறியாயிற்று. நான் மாலையும் கழுத்துமாகத் தனியாக உட்கார்ந்து ஆசீர்வாதம் வாங்கினேன். மழையும் வரவில்லை. முப்பத்தாறு வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறேன். எந்தச் சண்டையானாலும் கடைசியில் அந்த ஆலைக் கூரையில் போய்த்தான் நிற்கும். அவரும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்.

"திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம் பண்றப்ப பொழுதுக்கும் உன் பக்கத்துலயே உட்காந்திருக்கேன். போதுமா?"

"பாக்கலாம், பாக்கலாம்" என்பேன் நான்.

ஊரில் அவரை ஷீட் மேஸ்திரி என்றுதான் சொல்வார்கள். தஞ்சாவூரிலிருந்து முத்துப்பேட்டை வரைக்கும் பஸ்ஸில் போனால் அவர் போட்ட கூரைகளைக் காட்டிக்கொண்டே வருவார். அரிசி ஆலை, மாட்டுக் கொட்டகை, கல்யாண மண்டபத்துச் சமையல் கூடம், மீன் ஏலம் போடுகிற கொட்டகை. பக்கத்துச் சீட்டில் யார் உட்கார்ந்தாலும் தப்பிக்க முடியாது. ஷீட்டை ரம்பத்தால் அறுப்பார், துளை போடுவார், அந்தத் தூள் முழுக்க அவர் மேல்தான். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது இமை, மீசை, புருவம் எல்லாம் வெள்ளையாக இருக்கும். "தாத்தா வந்துட்டாரு" என்று என் மகள் சின்ன வயதில் கைதட்டிச் சிரிப்பாள். அவர் கழற்றிப் போடுகிற லுங்கியையும் சட்டையையும் கொல்லையில் நின்று படார் படாரென்று உதறிவிட்டுத்தான் நான் ஊற வைப்பேன். உதறாவிட்டால் சோப்பில் நுரையே வராது.

ஐம்பத்தேழு வயதில் இருமல் பிடித்துக்கொண்டது. சளி இல்லாத வறட்டு இருமல். ஏணியில் குரங்கு மாதிரி ஏறுகிறவர், நாலாவது படியில் நின்று, "வயல் எல்லாம் என்ன அழகா இருக்கு" என்று பார்க்க ஆரம்பித்தார். இந்த மனுஷனுக்கு எப்போதிருந்து அழகெல்லாம் தெரிகிறது என்று எனக்குச் சந்தேகம். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் அந்த நிற்றல். நான் பீடியை விடுங்கள் என்று கத்தினேன், தூதுவளை ரசம் வைத்தேன், ஆடாதொடை கஷாயம் போட்டேன். பக்கத்து ஊர் டாக்டரின் இருமல் மருந்தை வாளிக்கணக்கில் குடித்தார். டிபியாக இருக்கும் என்று சளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதுவும் இல்லை என்று வந்தது. கடைசியில் மகள் சத்தம் போட்டு, தஞ்சாவூரில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

அந்த டாக்டர் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு இவர் கையைப் பிடித்து, உருண்டு பருத்துப் போயிருந்த விரல் நுனிகளைப் பார்த்தார். "என்ன தொழில் பண்ணுனீங்க?" என்றார். அதுவரை எந்த டாக்டரும் அதைக் கேட்டதில்லை. இவர் பூரித்துப்போய் ஆலையில் ஆரம்பித்து மீன் கொட்டகை வரைக்கும் சொல்லி முடித்தார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் விளக்கினார். ஷீட்டை அறுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியான இழைகள் மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் தைத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் அங்கே தழும்பு ஏற்படுத்தியிருக்கின்றன.

"தழும்ப எடுக்க மருந்து இல்லைங்க" என்றார். "ஆனா மிச்சம் இருக்குற நுரையீரல நல்லா வேலை வாங்கலாம். மொதல்ல தூசியும் பீடியும் நிக்கணும்."

"தூசிய நிறுத்திடுறேன்" என்றார் இவர். பீடியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "இவர் துணியெல்லாம் யாரும்மா துவைச்சது?"

"நாந்தான். வேற யாரு துவைப்பா?" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"உதறுவீங்களா?"

உதறுவேன் என்றேன். எனக்கும் ஒரு ஸ்கேன் எழுதினார். அதுவரை தன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தமாஷ் பண்ணிக்கொண்டிருந்த மனுஷன், அந்தச் சீட்டைப் பார்த்ததும் அடங்கிப்போனார். என் முடிவு வருகிற வரைக்கும் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. எனக்கு ஒன்றும் இல்லை, அவ்வப்போது வந்து காட்டிக்கொண்டால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார். "ஜலதோஷமா?" என்றேன். பாலத்தில் பஸ் ஏறியபோது பைக்குள் கையை விட்டு முழுப் பீடிக்கட்டையும் எடுத்து ஆற்றில் எறிந்தார். முப்பத்தாறு வருஷம் நான் கத்தியதற்கு நிற்காத பீடி அன்றோடு நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் மூச்சுதான் முக்கிய உத்தியோகம். ஆக்ஸிஜன் மெஷின் ஒன்று வந்து கூடத்தில் உட்கார்ந்தது. தூங்கும்போதும் நடக்கும்போதும் அதன் குழாயை மூக்கில் மாட்ட வேண்டும். வெளியே போக, தோளில் தொங்கவிட்டுக்கொள்கிற சின்ன மெஷின் ஒன்று. நிமோனியாவுக்கும் சளிக்காய்ச்சலுக்கும் தடுப்பூசி போடச் சொன்னார்கள். முப்பது அடி உயரத்தில் வெறுங்காலோடு நடந்த மனுஷன் ஊசியைப் பார்த்ததும் நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க, அந்தப் பொண்ணு ஊசி போட வேண்டாமா?" என்று நான்தான் பிரித்துவிட்டேன்.

மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் இருந்தாள். மல்லாக்கப் படுத்து, வயிற்றின் மேல் ஒரு படி அரிசிப் பையை வைத்து, அது ஏறி இறங்குகிற மாதிரி மூச்சு விட வேண்டும். உதட்டைக் குவித்து, விளக்குச் சுடர் ஆட வேண்டும் ஆனால் அணையக் கூடாது என்கிற அளவுக்கு மெதுவாக ஊத வேண்டும். அரிசிப் பையோடு அவர் தூங்கிவிடுவார். அரிசியும் அவரோடு சேர்ந்து குறட்டை விடும். தினமும் வாய்க்கால் கரையில் நடை வேறு. வைகாசியில் ஆரம்பித்தபோது வாய்க்கால் காய்ந்து கிடந்தது, இவர் இரண்டு கரண்ட் கம்பத்தைத் தாண்டவில்லை. தண்ணீர் வந்து சேர்ந்தபோது ஐந்து கம்பம். குறுவை நட்டு வயல் பச்சை பிடித்தபோது பதினோரு கம்பம். எதிரே வருகிறவர்களிடம் எல்லாம் கம்பக் கணக்கு சொல்லுவார்.

தெருவில் யாராவது ஷீட்டை அறுக்கிற சத்தம் கேட்டால் போதும், அவருக்கு இருப்புக் கொள்ளாது. தான் கிட்டே போகக் கூடாது என்பதால் என்னை விரட்டுவார். "போய் நிறுத்தச் சொல்லு. கட்டாயம் அறுக்கணும்னா தண்ணிய ஊத்தி நனைச்சுட்டு அறுக்கச் சொல்லு. மூக்கு வாய மூடிக்கச் சொல்லு." நான் வாளித் தண்ணீரோடு போய் நிற்பேன். எங்கள் மாட்டுக் கொட்டகையிலேயே அவர் போட்ட ஷீட் இருக்கிறது. அதைக் கழற்றுகிறேன் என்று ஒருநாள் ஏணியை எடுத்தவரைப் பிடித்து, ஏணியையே எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். உடையாமல் இருக்கிற ஷீட்டைத் தொட வேண்டாம், உடைத்தால்தான் வம்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆவணியில் அவருக்கு அறுபது முடிகிறது. அறுபதாம் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டதும் டாக்டர் யோசித்தார்.

"ஹோமம் பண்ணுவீங்கல்ல? நெருப்பு இருக்குற எடத்துல ஆக்ஸிஜன் மெஷின் கூடவே கூடாது. குழாய்ல பத்திக்கிட்டா மொகம் வெந்துடும். அந்த நேரம் மெஷின் இல்லாமத்தான் இவர் உட்காரணும்."

"உட்காருறேன்" என்றார் இவர்.

"நீங்க சொன்னா பத்தாது, கிளிப் சொல்லணும்" என்றார் டாக்டர். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்கிற கிளிப்பைத்தான் சொன்னார். "அன்னைக்குக் காலையில மெஷின் இல்லாம உட்கார வெச்சுப் பாருங்க. தொண்ணூறுக்கு மேல நின்னா பண்ணுங்க. கீழ போச்சுன்னா ஹோமம், தாலி எதுவும் வேண்டாம். தூரத்துல இருந்து சாமி கும்பிட்டுட்டு வீட்டுக்கு வந்துடுங்க."

அன்றிலிருந்து அந்தத் தொண்ணூறுதான் எங்களுக்கு எல்லாம். காலையும் மாலையும் கிளிப்பை மாட்டி ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். முதல் பத்து நாள் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு என்று எழுதியிருந்தார். எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, கிளிப்பைப் பால்காரம்மா விரலில் மாட்டி, அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். அந்தம்மாவும் ஏதோ இலவசப் பரிசோதனை என்று தினமும் விரலை நீட்டியிருக்கிறாள். நான் போட்ட சத்தத்தில் மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடியது.

"எதுக்கு இந்தப் பித்தலாட்டம்?"

"தொண்ணூறுக்குக் கீழ காட்டுச்சுன்னா நீ நிறுத்திப்புடுவ" என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஒரு நாளாவது பொழுதுக்கும் உன் பக்கத்துல உட்காரணும்னு பாக்குறேன், அது ஒரு தப்பா?"

அன்றிலிருந்து கிளிப் என் முந்தானை முடிச்சில்தான் இருந்தது. போகப் போக, மெஷின் இல்லாமல் உட்கார்ந்தால் தொண்ணூற்று இரண்டு, தொண்ணூற்று மூன்று என்று உண்மையாகவே காட்டியது.

கல்யாணத்துக்கு முதல் நாளே திருக்கடையூர் போய் லாட்ஜில் அறை எடுத்தோம். மத்தியானம் என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் தங்கை, ஒரு பெரிய டப்பாவோடு வந்து இறங்கினாள். இவர்கள் குடும்பத்தில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நாத்தனார்தான் மருதாணி வைக்க வேண்டும். கொட்டைப்பாக்கு போட்டு, டீத்தூள் டிகாஷன் விட்டு, கறுத்துச் சிவக்க வேண்டும் என்று அரைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"அண்ணே, கைய நீட்டு. எங்க அண்ணி மேல எவ்வளவு பாசம்னு நாளைக்குத் தெரிஞ்சுடும்."

பத்து விரலுக்கும் தொப்பி போட்டாள். எனக்குக் கைக்கும் காலுக்கும் வைத்தாள். "அண்ணனுக்குக் கால்ல வேணாம், ஆம்பளைக்கு எதுக்கு?" என்றாள். இவர் சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள்தான் சாப்பாடு ஊட்டினாள்.

காலையில் எழுந்து கழுவினால் அவர் விரல் அத்தனையும் நகத்தோடு சேர்த்துக் கறுத்துச் சிவந்திருந்தன. நாத்தனாருக்கு வாயெல்லாம் பல். நான் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, மெஷினை நிறுத்தி, முந்தானையிலிருந்து கிளிப்பை எடுத்து மாட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமே காட்டவில்லை. பிறகு எண்பத்திரண்டு. அடுத்த விரலில் எழுபத்தொன்பது. இன்னொரு விரலில் வெறும் கோடு.

மகள் வந்து மாட்டிப் பார்த்தாள். எண்பத்தொன்று.

"எனக்கு ஒண்ணும் பண்ணலம்மா. நல்லாத்தான் இருக்கேன்" என்றார்.

"பேசாதீங்க. பால்காரம்மா கதைய நான் மறக்கல" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பட்டுவேட்டி கட்டி, நெற்றியில் விபூதி வைத்து, போருக்குப் போகிறவர் மாதிரித் தயாராக இருந்த மனுஷன். "அப்ப வேணாமா?" என்றார். அதை அவர் கேட்ட விதம் எனக்குப் பொறுக்கவில்லை. கீழே மண்டபத்தில் குருக்கள் காத்திருக்கிறார், சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். கல்யாணம் பெரிதா, அவர் பெரிதா? மெஷினைத் திரும்பப் போடக் குனிந்தபோது மகள், "ஒரு நிமிஷம்மா" என்று மூச்சுப் பயிற்சிப் பெண்ணுக்கு வீடியோவில் போன் போட்டாள்.

அந்தப் பெண் விடியற்காலையிலேயே எழுந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவர் முகத்தைப் பார்த்தாள், உதடு நீலம் பூத்திருக்கிறதா என்று பார்த்தாள், ஒன்றிலிருந்து இருபது வரை ஒரே மூச்சில் எண்ணச் சொன்னாள். எண்ணினார். "கையக் காட்டுங்க ஐயா" என்றாள். இவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். பல் தேய்க்கிற பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அம்மா, அந்தக் கிளிப்புல ஒரு வெளிச்சம் இருக்கு. அது விரலுக்குள்ள பூந்து வந்துதான் நம்பர் சொல்லும். நீங்க பத்து விரலுக்கும் தார் பூசுன மாதிரி பூசி வெச்சிருக்கீங்க. போதாததுக்கு மருதாணி வெச்ச கை சில்லுன்னு இருக்கும். எப்படி நம்பர் வரும்? கால்ல வெக்கலையே?"

"வெக்கல, வெக்கல" என்றாள் நாத்தனார், சுவரோடு ஒட்டிக்கொண்டு. அவளை அப்போது நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அவளுக்கு நல்லதில்லை.

"கால் விரல நல்லாத் தேய்ச்சு சூடு பண்ணுங்க. பெருவிரலுக்கு அடுத்த விரல்ல மாட்டுங்க. ஆட்டாம ரெண்டு நிமிஷம் இருக்கணும்."

நான் தரையில் உட்கார்ந்து அவர் காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். ஏணிப்படியில் நின்று நின்று பாளம் பாளமாக வெடித்த கால். இரண்டு உள்ளங்கையாலும் தேய்த்தேன். பெருவிரலுக்கு அடுத்த விரலில் கிளிப்பை மாட்டி, நழுவாமல் இருக்க லேசாக அழுத்திப் பிடித்தேன்.

"வலிக்குது" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தார், ஆனால் மீசை துடித்தது.

"கழண்டுடக் கூடாதுல்ல" என்றேன்.

எண்பத்தெட்டு காட்டியது. தொண்ணூறு. தொண்ணூற்று ஒன்று. அப்புறம் தொண்ணூற்று மூன்றில் வந்து நின்றது, நகரவே இல்லை. போனில் அந்தப் பெண், "போய்க் கல்யாணம் பண்ணுங்க. பொகைக்கு எதிர்ப் பக்கமா உட்காருங்க" என்றாள். மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நாத்தனார் மெதுவாகச் சுவரை விட்டு வந்தாள்.

மண்டபத்துக்குப் பக்கச் சுவர் இல்லை, காற்று நன்றாக வந்தது. இவர் உட்காருவதற்கு முன் அண்ணாந்து கூரையைப் பார்த்து, "இது நான் போட்டதில்ல. போல்ட்டெல்லாம் கோணல்" என்று குருக்களிடம் சொன்னார். ஹோமத்தைச் சின்னதாகவே வளர்த்தார்கள். எங்கள் பலகையைக் காற்று வருகிற பக்கம் போட்டார்கள். ஆக்ஸிஜன் மெஷினோடு மகள் தூரத்தில், வாசலுக்கு வெளியே நின்றாள். நாத்தனார் செய்த பாவத்துக்குப் பரிகாரமாக விசிறியோடு நின்று, புகை இந்தப் பக்கம் திரும்பினாலே விரட்டினாள். கலசத் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி எங்கள் மேல் ஊற்றச் சொன்னேன். குருக்கள் ஒரு மாதிரிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

ஈரத்துணி மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் அவர் காலில் மறுபடி கிளிப்பை மாட்டிவிட்டேன். வேட்டி நுனியால் மூடிக்கொண்டார்.

மேளம் கெட்டியாக அடித்தது. அவர் தாலியைக் கையில் எடுத்தார். உதட்டைக் குவித்து மெதுவாக ஒரு மூச்சு விட்டார், சுடர் அணையாத அளவுக்கு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். முதல் முடிச்சை அவர் போட்டார், மற்ற இரண்டையும் நாத்தனார் போட்டாள். முடிச்சு விழுந்து முடியும்வரை நான் நிமிரவே இல்லை. சொந்தக்காரப் பெண்கள் எல்லாம், "பாரேன், இந்த வயசுலயும் அண்ணிக்கு என்ன வெக்கம்" என்று பேசிச் சிரித்தார்கள்.

வெட்கமாவது ஒன்றாவது. நான் வேட்டி நுனியை விலக்கி அவர் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்று இரண்டு.